ஊசி ஒன்றுதான், பில் வேறு வேறு

காப்புறுதி இருந்தால் ஹார்மோன் ஊசிக்கு எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று இணையத்தில் தேடினால் வந்து விழுவது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அங்கே பெரும்பாலும் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியான மெடிகேர் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2023 முதல் மாத இன்சுலினுக்கு 35 டாலர் உச்சவரம்பு. காப்புறுதி இல்லாதவர்கள் மருந்துக் கடையில் தள்ளுபடிக் கூப்பன் நீட்டுவார்கள். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து மருந்துக் கடையில் அதே கூப்பனை நீட்டிப் பாருங்கள், சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

சிங்கப்பூரில் கேள்வியே வேறு மாதிரி போடவேண்டியது. இங்குள்ள காப்புறுதி வார்டில் படுப்பவருக்காகக் கட்டப்பட்டது. ஹார்மோன் ஊசியோ பெரும்பாலும் வீட்டு மேசையிலோ மருந்தகத்தின் (கிளினிக்கின்) தாதி அறையிலோ போடப்படுவது. அதனால் "என்னிடம் நல்ல ஷீல்டு காப்புறுதித் திட்டம் இருக்கிறது, எல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்று நம்பியிருப்பவர், கட்டண முகப்பில்தான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார். உங்கள் பில்லைத் தீர்மானிப்பவை வேறு. எந்தக் கதவு வழியாக உள்ளே போனீர்கள், உங்கள் கோப்பில் என்ன நோய் என்று எழுதியிருக்கிறது, மருந்தை யூனிட் கணக்கில் எப்படி வாங்குகிறீர்கள். காப்புறுதி இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. சில ஊசிகளுக்கு வருவதே இல்லை.

இன்சுலினிலிருந்து தொடங்குவோம்

ஹார்மோன் ஊசி என்றதும் குழந்தைப்பேறு சிகிச்சையை நினைப்பவர்கள் உண்டு. இன்சுலினும் ஹார்மோன்தான். கணையம் சுரப்பது. நம் வீடுகளில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அதிகம் கண்ணில் படும் ஹார்மோன் ஊசியும் இதுதான்.

பென் என்பது மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசி. ஒரு பென்னில் 3 மில்லி, அதாவது 300 யூனிட். ஒரு பெட்டியில் 5 பென். மொத்தம் 1,500 யூனிட். மருந்துச் சீட்டில் "காலை 20, மாலை 14" என்று இருந்தால் நாளுக்கு 34 யூனிட் என்று மனக்கணக்குப் போட்டுவிடுவோம். அங்கேதான் முதல் தவறு. ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை மாட்டியதும் 2 யூனிட்டை வெளியே தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று போய்விட்டதையும் ஊசிமுனை அடைக்கவில்லை என்பதையும் அந்தச் சொட்டுதான் சொல்கிறது. ஆக நாளுக்கு 38. மூன்று மாதத்துக்கு, 90 நாள் வைத்தால், 3,420 யூனிட். 300 ஆல் வகுத்தால் 11.4. எனவே 12 பென் வேண்டும். 34 என்று கணக்குப் போட்டவர் 3,060 யூனிட்டுக்கு 11 பென் வாங்கியிருப்பார். அடுத்த சந்திப்புக்கு மூன்று நாள் இருக்கும்போதே மருந்து தீர்ந்துவிடும். உடனே பக்கத்துத் தனியார் மருந்தகத்துக்கு ஓடி, மானியம் இல்லாத விலையில் ஒன்று வாங்குவார். அந்த ஒரு பென்னின் விலை எரிச்சலூட்டும்.

குறைந்த அளவு போடுபவருக்குக் கணக்கு நேர்மாறு. இரவு மட்டும் 6 யூனிட், காற்று நீக்க 2, மொத்தம் 8. 300 யூனிட் 37 நாளுக்கு வரவேண்டும். ஆனால் கிளார்ஜின் போன்ற பல இன்சுலின்களைத் திறந்தபின் 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 28 நாளில் 224 யூனிட் போகும். மீதி 76 யூனிட் குப்பைக்கு. இப்படிப்பட்டவர் யூனிட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை, நாள்காட்டிக்குக் கொடுக்கிறார். டெக்ளுடெக் வகை திறந்தபின் 56 நாள் தாங்கும். ஒரு பென்னின் விலை கூடுதல் என்று தோன்றினாலும், சின்ன அளவு போடுபவர் வீணாவதையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வீணாவது அங்கே மட்டுமில்லை. திறந்த பென்னை 30 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்கிறது அட்டை. சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. ஜன்னலோர அலமாரி, மோட்டார்சைக்கிள் பெட்டி, வெயிலில் நிற்கும் கார் எல்லாமே மருந்தைக் கெடுக்கும் இடங்கள். திறக்காத பென்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அதற்காக உறைபெட்டிக்கு ஒட்டிய தட்டில் வைத்தால் உறைந்துபோகும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, தெளிவாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடவேண்டியதுதான். மிக்ஸ்டார்ட் போன்ற கலங்கலான வகையைப் போடுமுன் உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழும் கவிழ்க்க வேண்டும். கலக்காமல் போட்டால் ஒரு நாள் நீர்த்ததும் இன்னொரு நாள் செறிந்ததும் உடம்புக்குள் போகும். சர்க்கரை அளவு ஏறி இறங்கும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். அதுவும் பில்லில் வந்து சேரும்.

இதே வழியில் பணம் ஒழுகும் இன்னோர் ஓட்டை, வயிற்றில் விழும் கட்டி. வலிக்காத இடம் என்று தொப்புளுக்கு வலப்பக்கமே வருடக்கணக்காகக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு மெத்தை மாதிரி ஆகிவிடும். அதற்குள் போகும் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. 20 யூனிட் போட்டவர் 30க்குப் போவார். விரலால் தடவிப் பார்த்தால் கட்டி தெரியும். இடத்தை மாற்றுவது அவசியம், ஆனால் அதே 30ஐ நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அளவைக் குறைப்பதைப் பற்றி முதலில் மருத்துவரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ பேசிவிட்டு மாற்றுங்கள்.

ஊசிமுனைகளை மறந்துவிடக்கூடாது. ரசீதில் அவை தனி வரி. நாளுக்கு நான்கு ஊசி போடுபவருக்கு மாதம் 120 தேவை, பெட்டியிலோ 100தான். மிச்சம் பிடிக்க ஒரே முனையை மூன்று நாள் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். மழுங்கிய முனை தோலைக் கிழிக்கும், கட்டியையும் சீக்கிரம் வரவழைக்கும். ஊசி போட்டபின் முனையைக் கழற்றாமல் விட்டால் மருந்து கசியும், காற்று உள்ளே நுழையும். ஊசிமுனையில் மிச்சம் பிடிப்பவர் இன்சுலினில் இழக்கிறார்.

எந்தக் கதவு

இப்போது விலைக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க ஒரு பென் 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்கிறேன். இது உதாரணத்துக்கு மட்டுமே. உண்மை விலை மருந்தைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் மாறும். 12 பென், முழு விலை 120 வெள்ளி.

பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), அரசாங்க மருத்துவமனையின் நிபுணத்துவ வெளிநோயாளி மருந்தகத்தில் மானிய நோயாளியாகவோ இருக்கும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கு, மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்குப் பொதுவாக 50 விழுக்காடு கழியும். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பம் என்றால் 75 வரை. ஆக 120 என்பது 60 ஆகலாம், 30 ஆகலாம். 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறைச் சலுகை உள்ளவர் என்றால் மிஞ்சியதில் மேலும் 25 விழுக்காடு குறையும், 30 வெள்ளி 22.50 ஆகும். அதற்கும் முன் பிறந்த முன்னோடித் தலைமுறை என்றால் மிஞ்சியதில் பாதி, 15 வெள்ளி. மானிய நோயாளிக்கான பொருள் சேவை வரியை அரசாங்கமே ஏற்கிறது. அதே 12 பென்னைத் தனியார் மருந்தகத்தில் மானியமில்லாமல் அதே விலைக்குக் கொடுத்தாலும் 9 விழுக்காடு வரி சேர்ந்து 130.80. ஆலோசனைக் கட்டணம் தனி.

15க்கும் 130.80க்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தில் காப்புறுதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பலரும் வழுக்கி விழும் இடம், பரிந்துரைக் கடிதம். பலதுறை மருந்தகத்திலிருந்து மானிய நோயாளியாகப் பரிந்துரைக்கப்பட்டு நிபுணரிடம் போனால் மானியம் தொடரும். தனியார் மருந்தகங்களில் மானியம் தரும் சாஸ் அட்டை உள்ளவர், சாஸ் மருந்தகத்தின் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடும் மானிய வழியில் போகலாம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதே அரசாங்க மருத்துவமனைக்குத் தனியார் நோயாளியாக நேரே பதிந்துகொண்டால், அதே கட்டடம், சில சமயம் அதே மருத்துவர், மானியம் மட்டும் கிடையாது. அறுவை சிகிச்சை மாதிரி ஒருமுறையோடு முடியும் காரியத்துக்கு இது தாங்கும். ஹார்மோன் ஊசியோ வருடக்கணக்கில் போவது. பிறகு மானிய வகுப்புக்கு மாற மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து, குடும்ப வருமானத்தைக் காட்டி, அவர்கள் மதிப்பிட்ட பிறகே வழி பிறக்கும். இரண்டு மாதம் முன்னதாகப் பார்த்த நிபுணருக்காகப் பத்து வருட மானியத்தை விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரமில்லை என்பது என் கருத்து. அவசரமில்லாத நோய்க்குத்தான் இது பொருந்தும், நெஞ்சுவலிக்கு இல்லை.

பட்டியலில் இல்லாத விலை உயர்ந்த மருந்தென்றால் மருந்து உதவி நிதி என்று ஒன்று உண்டு. அது மருந்தையும் பார்க்கும், நோயையும் பார்க்கும், வருமானத்தையும் பார்க்கும். மூன்றும் பொருந்தினால் கணிசமாகக் கழியும். நீங்களாகக் கேட்காவிட்டால் பேச்சு வராமலும் போகலாம். "இந்த மருந்து எந்தப் பட்டியலில் இருக்கிறது? இதே வேலை செய்யும் மானிய மருந்து உண்டா? பயோசிமிலர், அதாவது மூல மருந்தை ஒத்த வேறு நிறுவனத் தயாரிப்பு, இருக்கிறதா?" இந்த மூன்று கேள்வியையும் மருத்துவர் அறையில் கேளுங்கள். மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் போன பிறகு கேட்டால், சீட்டைத் திருத்த மறுபடி மேலே ஏறவேண்டியிருக்கும்.

மெடிசேவ் செய்யும் வேலை

மெடிசேவ் காப்புறுதி இல்லை. மத்திய சேம நிதியில் சேர்ந்த உங்கள் சொந்தக் காசு. 1984இல் வந்தது. அப்போது மருத்துவமனைச் செலவுக்கு என்று இருந்ததை 2006இல் நாட்பட்ட நோய்களின் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் திறந்துவிட்டார்கள். முதலில் நுழைந்த நோய் நீரிழிவுதான்.

2021 ஜனவரியில் இதன் ஆண்டு வரம்பை ஒரு நோய் மட்டும் உள்ளவருக்கு 500 வெள்ளியாகவும், இரண்டு நோயோ சிக்கலோ உள்ளவருக்கு 700 வெள்ளியாகவும் வைத்தார்கள். வரம்புகள் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே இந்த வருடத்து எண்ணைச் சுகாதார அமைச்சின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் 15 விழுக்காட்டைக் கையிலிருந்து கட்டவேண்டும். மேலே சொன்ன 30 வெள்ளி பில்லில் 4.50 ரொக்கம், 25.50 மெடிசேவ். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்து, அங்கேயே நாட்பட்ட நோயைக் கவனித்துக்கொள்பவருக்கு இந்த 15 விழுக்காடும் தேவையில்லை. பக்கத்து புளோக் மருந்தகத்தில் பதிந்துவிட்டு வேறொரு மருந்தகத்தில் மருந்து வாங்கினால் அந்தச் சலுகை கூடவே வராது.

ஆனால் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பவை 23 நோய்கள் மட்டும். நீரிழிவு உண்டு. எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) உண்டு, ஆகவே பாராதைராய்டு ஹார்மோனின் வடிவமான டெரிபாராடைட் ஊசி போடுபவர் இந்த வழியைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த ஊசி நாளுக்கு 20 மைக்ரோகிராம், ஒரு பென் 28 நாளைக்கு, முழுச் சிகிச்சையும் பொதுவாக இரண்டு வருடத்தோடு முடிவது. செலவுக்கு ஒரு முடிவு தேதி இருக்கும் அபூர்வமான ஹார்மோன் ஊசி அது. டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு பட்டியலில் இல்லை. 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை பிட்டத்தில் மெதுவாக ஏற்றும் 1,000 மில்லிகிராம் ஊசிக்கு இந்த மெடிசேவ் வழியை எதிர்பார்க்காமல் ரொக்கத்தை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஊசி, இரண்டு நோய்

காப்புறுதி நிஜமாகவே கை கொடுக்கும் இடம் புற்றுநோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குழப்பமும் இங்கேதான் அதிகம்.

கோசெரெலின் என்ற ஊசி. மருந்து ஓர் அரிசி மணி மாதிரி சின்னத் துண்டாக இருக்கும். தொப்புளுக்குக் கீழே, வயிற்றுத் தோலுக்கடியில் தடித்த ஊசியால் அதை உள்ளே வைப்பார்கள். 3.6 மில்லிகிராம் துண்டு 28 நாளைக்கு, 10.8 மில்லிகிராம் துண்டு 12 வாரத்துக்கு. புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் உள்ள ஆணுக்கும் போடுவார்கள், மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணுக்கும் போடுவார்கள், கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்கும் போடுவார்கள்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிய அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், 2022 செப்டம்பர் முதல் புற்றுநோய் மருந்துகளை ஒரு பட்டியல் வைத்துப் பார்க்கிறது. அதன்மேல் தனியார் நிறுவனங்கள் விற்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்களும் 2023 ஏப்ரலிலிருந்து அதே பட்டியலுக்கு வந்தன. பட்டியலில் மருந்தின் பெயர் மட்டும் இருக்காது, எந்தப் புற்றுநோய்க்கு, எந்த நிலையில் என்பதும் இருக்கும். மருந்துக்கு மருந்து மாத வரம்பு வேறு. பட்டியல் தொடங்கியபோது அது 200 வெள்ளியிலிருந்து 9,600 வெள்ளி வரை இருந்தது. வெளிநோயாளிச் சிகிச்சை என்பதால் வார்டுக்குப் போல முதலில் ஒரு பெருந்தொகையை நீங்கள் கட்டித் தீர்க்கவேண்டியதில்லை. 10 விழுக்காடு கூட்டுக் காப்புறுதிப் பங்கு உங்களுடையது, மீதியை வரம்புக்குள் திட்டம் கட்டும்.

எண்டோமெட்ரியோசிஸுக்கு அதே துண்டை அதே வயிற்றில் வைத்தால், அது புற்றுநோய்ச் சிகிச்சை இல்லை. பட்டியல் பொருந்தாது. இரண்டு பெண்கள் ஒரே நாள் ஒரே தாதியிடம் ஒரே மருந்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து இரண்டு வேறு பில் கட்டலாம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கோப்பில் இருக்கும் நோயின் பெயர்தான் காரணம். அதனால் புற்றுநோய் நோயாளிகள் ஊசி போடும் நாளுக்கு முன்பே கட்டண அலுவலகத்தில் கேட்கவேண்டியது இது: "இந்த மருந்து, எனக்கிருக்கும் இந்த நிலைக்கு, பட்டியலில் இருக்கிறதா? மாத வரம்பு எவ்வளவு?" மருந்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். கூடவே பட்டியலில் இல்லாத இன்னொரு மருந்தையும் சேர்த்துத் தருவதாக மருத்துவர் சொன்னால், அது மொத்தக் கோரிக்கையையும் பாதிக்குமா என்றும் கேளுங்கள். பாதிக்கக் கூடும்.

மாத ஊசியா, மூன்று மாத ஊசியா என்பதிலும் காசு இருக்கிறது. மாதம் ஒன்று என்றால் வருடத்துக்கு 13 முறை வரவேண்டும். 13 தாதிக் கட்டணம், 13 அரைநாள் விடுப்பு. 12 வார ஊசி என்றால் நான்கைந்து முறைதான். ஒரு ஊசியின் விலை அதிகமாகத் தெரிந்தாலும் வருடக் கணக்கில் பெரும்பாலும் அதுவே மலிவு. ஆனால் வரம்பு மாதத்துக்குப் போடப்பட்டது. மூன்று மாத மருந்து ஒரே பில்லில் வரும்போது கோரிக்கையை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாறுங்கள். முதல் சில ஊசிகளை மாத ஊசியாகப் போட்டு உடம்பு ஏற்கிறதா என்று பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளே வைத்த துண்டைப் பக்கவிளைவு வந்ததும் அவ்வளவு எளிதாக வெளியே எடுக்க முடியாது.

காப்புறுதி கை கொடுக்கும் இன்னொரு ஊசி, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான எரித்ரோபொயட்டின். அதையும் ஹார்மோன் என்று பலருக்குத் தெரியாது. சிறுநீரகம் சுரந்து, எலும்பு மஜ்ஜையிடம் இரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்வது. டயாலிசிஸ் போல இதையும் வெளிநோயாளிச் சிகிச்சைகளில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது மெடிஷீல்டு லைஃப். இன்சுலினுக்குக் கிடைக்காத மரியாதை இதற்குக் கிடைத்திருக்கிறது.

ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் வைத்திருப்பவருக்கு மற்றொரு சன்னல் உண்டு. மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாள்களுக்கு, அதே நோய் தொடர்பான வெளிநோயாளிச் செலவைப் பல திட்டங்கள் கட்டும். சர்க்கரை எகிறி வார்டில் படுத்து, அங்கே முதல்முறை இன்சுலின் தொடங்கியவர், வெளியே வந்தபின் வாங்கும் இன்சுலின் ரசீதை அந்த நாள்களுக்குள் கோரலாம். ரசீதில் மருந்தின் பெயர் வரிவரியாக இருக்கவேண்டும். கடன் அட்டைச் சீட்டை அனுப்பினால் திரும்பி வரும். நாள் முடிந்ததும் சன்னல் மூடிவிடும். நீரிழிவு வந்த பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினால், புதிய நிறுவனம் தன் கூடுதல் காப்பிலிருந்து நீரிழிவை விலக்கக்கூடும் என்பதையும் மறக்கவேண்டாம். மெடிஷீல்டு லைஃப் மட்டும் முன்பே இருந்த நோயையும் ஏற்கும்.

குழந்தைப்பேறு ஊசிகள்

மெடிஷீல்டு லைஃப் விலக்கியுள்ளவற்றில் கருத்தரிப்புச் சிகிச்சையும் ஒன்று. நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் குழுக் காப்புறுதியிலும் பெரும்பாலும் இல்லை. இங்கே காப்புறுதி உள்ளவரும் இல்லாதவரும் ஏறக்குறைய ஒன்றுதான். உதவுவது அரசாங்க இணைநிதியும் மெடிசேவும்.

கணவனும் மனைவியும் குடிமக்கள் என்றால், அரசாங்க மருத்துவமனைகளின் கருத்தரிப்பு நிலையங்களில் ஐவிஎஃப் போன்ற சிகிச்சையின் புதிய சுழற்சிக்கு (ஊசி போட்டுக் கருமுட்டை எடுப்பது) செலவில் 75 விழுக்காடு, அதிகபட்சம் 7,700 வெள்ளி. உறைகரு சுழற்சிக்கு (முன்பே உறையவைத்த கருவைக் கருப்பையில் வைப்பது) அதிகபட்சம் 2,200. மூன்று புதிய சுழற்சி, மூன்று உறைகரு சுழற்சி வரை. துணைவர் நிரந்தரவாசியாகவோ வெளிநாட்டவராகவோ இருந்தால் விகிதம் குறையும். பெண்ணின் வயது சுழற்சி தொடங்கும்போது 40க்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. அதற்குமுன் முயற்சி செய்தவர்களுக்குச் சிறு விலக்கு உண்டு. 7,700 என்பது 10,267 வெள்ளியின் 75 விழுக்காடு. பில் அதைத் தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு வெள்ளியும் முழுக்க உங்களுடையது. மெடிசேவில் முதல் சுழற்சிக்கு 6,000, இரண்டாவதற்கு 5,000, அதன் பிறகு 4,000 வரை எடுக்கலாம். வாழ்நாள் வரம்பு 15,000. கூட்டிப் பாருங்கள்: 6,000, 5,000, 4,000, மூன்றாவது சுழற்சியோடு தீர்ந்தது.

பில்லைத் தாண்டவைப்பது பெரும்பாலும் ஊசி. ஃபாலிக்கிள் ஊக்கும் ஹார்மோன் நாளுக்கு 225 யூனிட், பத்து நாள் என்றால் 2,250 யூனிட். 900 யூனிட் பென் இரண்டும் 450 யூனிட் பென் ஒன்றும் சரியாகப் பொருந்தும். ஆனால் ஐந்தாறு நாளில் ஸ்கேன் பார்த்து அளவை மாற்றுவார்கள். 300 ஆக்கினால் 900 பென் மூன்று நாளில் தீரும். 150 ஆக்கினால் மிச்சம் விழும். வாங்கிய பென்னை மருந்தகம் திரும்ப எடுக்காது. ஆகவே முதல் ஸ்கேன் வரைக்கும் மட்டும் வாங்கி, மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா என்று தாதியிடம் கேளுங்கள். பென்னில் பாதி அளவுதான் மிஞ்சியிருந்தால், பென்னில் உள்ள சின்னச் சன்னலில் தெரியும் எண்ணைப் பார்த்து மீதியை அடுத்த பென்னில் போடவேண்டும். "கொஞ்சம்தானே குறைகிறது" என்று விட்டுவிடக்கூடாது. கரு முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசிக்கு நேரம் நிமிடக்கணக்கில் குறித்துக் கொடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் ஊசியின் விலை மட்டும் போவதில்லை, அந்தச் சுழற்சியின் மொத்தச் செலவும் போகக்கூடும்.

ஊரிலிருந்து கொண்டுவரும் இன்சுலின்

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நம் தம்பிமார்களுக்கு மானியமும் இல்லை, மெடிஷீல்டும் இல்லை. முதலாளி எடுக்கவேண்டிய கட்டாயக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. தொகை பெரிதுதான், ஆனால் அது வார்டுச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் உரியது. மாதாமாதம் வாங்கும் இன்சுலின் அதில் வராது. அதனால் இந்தியாவில், ஊரில் இருக்கும் அக்காவோ அம்மாவோ வாங்கிக் கொடுத்துவிடுவதை எடுத்துவரும் வழக்கம் வந்தது.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். மருத்துவர் சீட்டும் மருந்துப் பெட்டியும் கூடவே இருக்கட்டும். கைப்பையில் வையுங்கள். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறையும் ஆபத்து உண்டு. குளிர்ப்பை எடுத்துவந்தால் ஐஸ் கட்டிக்கும் குப்பிக்கும் நடுவே ஒரு துணி சுற்றுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது குப்பியின் மேல் இருக்கும் எண். இந்தியாவில் விற்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். சிங்கப்பூரில் மில்லிக்கு 100. ஊசிக்குழாய்களும் அதற்கேற்ப வேறு: ஊரில் 40க்கு உரியது சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. ஊர்க் குப்பி தீர்ந்ததும் இங்கே ஒரு குப்பி வாங்கி, கையிலிருக்கும் சிவப்பு மூடிக் குழாயில் வழக்கம்போல 20 கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லி. 100 யூனிட் மருந்தில் அரை மில்லி என்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. தங்கும் விடுதியில் இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கினால், விடியற்காலையில் எழுப்ப ஆள் வேண்டியிருக்கும். மாறாக ஊர் மருந்தை ஆரஞ்சு மூடிக் குழாயில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காமல் "இந்த மருந்து கேட்கவில்லை" என்று இன்னொரு மருத்துவரிடம் காசு கொடுப்பார்கள். பென் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை, இந்தியாவிலும் பென் கார்ட்ரிட்ஜ்கள் மில்லிக்கு 100தான். குப்பிதான் என்றால், குப்பியையும் குழாயையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குங்கள். பழைய குழாய்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி எறிந்த பிறகு புதுக் குப்பியைத் திறங்கள்.